பிறந்த தேதியைச் சரிசெய்துவிட்டு மைதானத்துக்குப் போங்கள்: கால்பந்துப் பிள்ளைகளின் வீட்டாருக்கு ஒரு வழிகாட்டி

என் அக்கா மகன் கால்பந்து ஆடுகிறான். எங்கள் ஊர் உசிலம்பட்டிப் பக்கம். 2017-இல் இந்தியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில், கொலம்பியாவுக்கு எதிராக ஜீக்சன் சிங் தலையால் முட்டி இந்தியாவின் முதல் உலகக் கோப்பை கோலைப் போட்டபோது அவனுக்கு ஏழு வயது. அன்று டிவி முன்னால் துள்ளியவன் இன்றுவரை அடங்கவில்லை. மச்சான் துபாயில் வேலை செய்வதால், அவனை அழைத்துக்கொண்டு அலையும் பொறுப்பு தாய்மாமனான எனக்கு வந்தது.

மூன்று ஆண்டுகள் அலைந்ததில் பாதிக்கு மேல் கவுண்ட்டர்களுக்கு முன்னால்தான் கழிந்தது. முதன்முதலாகப் போன ஒரு தேர்வில், பூட்ஸ் கயிற்றைக் கட்டி முடித்து நின்றவனை ஆடவிடாமலே திருப்பி அனுப்பினார்கள். ஆதாரில் ஒரு பிறந்த தேதி, பிறப்புச் சான்றிதழில் வேறொரு தேதி. அவர்கள் செய்தது சரி. தவறு எங்கள் வீட்டில் நடந்தது. ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆரப்பாளையம் பஸ்ஸில் அவன் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்ததை நான் மறக்கவில்லை. உங்கள் பிள்ளைக்கு அது நேர வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. எந்த ஏணியில் ஏறுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்திய இளையோர் அணிக்கு விண்ணப்பப் படிவம் என்று ஒன்று கிடையாது. போட்டிகளில் ஆடும் பிள்ளைகளைப் பயிற்சியாளர்கள் பார்த்து முகாமுக்கு அழைப்பார்கள். முகாமில் பலரைக் கழித்துக் கடைசியில் 23 பேரை எடுப்பார்கள். ஆகவே, அவர்கள் பார்க்கும் இடத்தில் பிள்ளை ஆட வேண்டும்.

நம் பக்கத்தில் இரண்டு ஏணிகள் இருக்கின்றன. ஒன்று பள்ளி ஏணி: குறுவட்டப் போட்டி, மாவட்டம், மாநிலம், பிறகு தேசியப் பள்ளி விளையாட்டு. பள்ளி அணிகள் தேசிய அளவில் மோதும் சுப்ரதோ கோப்பையும் இந்த வழியில்தான். இன்னொன்று சங்க ஏணி: மாவட்டக் கால்பந்துச் சங்கம், தமிழ்நாடு கால்பந்துச் சங்கம், அதற்கு மேல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம். சப்-ஜூனியர், ஜூனியர் தேசியப் போட்டிகளும், வயதுப் பிரிவுவாரியான இளையோர் லீக்குகளும் சம்மேளனம் நடத்துபவை.

பள்ளி ஏணியில் மாநிலம்வரை போனால் போதும், அப்புறம் தானாக இந்திய அணி வரும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். இந்திய அணிக்கு ஆள் தேடுபவர்களின் கண் பெரும்பாலும் இரண்டாவது ஏணியில்தான் இருக்கிறது. பள்ளி ஆட்டத்தை விட வேண்டாம்; ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

வயதுக் கணக்கு ஜனவரி 1-இல் தொடங்குகிறது. 2026 ஆசியக் கோப்பை (17 வயதுக்குட்பட்டோர்) 2009 ஜனவரி 1 அல்லது அதன்பின் பிறந்தவர்களுக்கானது. 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை 2025 முதல் ஆண்டுதோறும் நடப்பதால், ஒவ்வோர் ஆண்டுப் பிள்ளைக்கும் ஒரு வாய்ப்பு உண்டு. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் நிற்பார்கள். டிசம்பர்ப் பிள்ளை பன்னிரண்டு வயதில் ஒல்லியாக, சின்னவனாகத் தெரிந்தால் மனம் தளராதீர்கள். அந்த வயதில் பதினொரு மாதம் பெரிய இடைவெளி.

2. பிறப்புச் சான்றிதழை இன்றே எடுத்துப் பாருங்கள்

பீரோவிலிருந்து எடுத்து, "பெயர்" என்ற கட்டத்தைப் பாருங்கள். எங்களுடையதில் அது காலி. பிரசவம் முடிந்ததும் ஆண் குழந்தை என்று மட்டும் பதிவாகியிருந்தது. பெயர் சூட்டிய பிறகு அதைப் பதிய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பெயரில்லாத சான்றிதழைக் கொண்டு அது உங்கள் பிள்ளையுடையது என்று யாரிடமும் நிரூபிக்க முடியாது.

பிறந்த 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் பதியலாம். அதன்பின் 15 வயதுவரை 200 ரூபாய் தாமதக் கட்டணம். எழுதித் தரும் பெயரைப் பின்னால் திருத்துவது பெரும்பாடு. எழுத்துக்கு எழுத்து யோசித்துவிட்டுக் கொடுங்கள்.

எங்கே போவது? பிறந்த ஊரில்தான் பதிவு இருக்கும், வசிக்கும் ஊரில் இருக்காது. எங்கள் பையன் மதுரை பெரியாஸ்பத்திரியில் பிறந்தவன். நான் இரண்டு நாள் கிராமத்தில் அலைந்த பிறகுதான், பதிவு மதுரை மாநகராட்சியில் இருக்கிறது என்ற எளிய விஷயம் புரிந்தது. உசிலம்பட்டி, பேரையூர், மேலூர் என்று எந்த ஊர்க்காரராக இருந்தாலும், பிரசவம் நகரத்து மருத்துவமனையில் என்றால் நகரத்தில்தான் தேட வேண்டும்.

பிறப்பே பதிவாகாமல் போயிருந்தால் வேலை நீளும். ஓராண்டு கடந்த பதிவுக்கு அதிகாரம் பெற்ற நடுவரின் ஆணை வேண்டும். கோட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். ஒன்றை மனத்தில் வையுங்கள்: தேர்வுக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் புதிதாகப் பதிவான சான்றிதழை எவரும் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார்கள். பிள்ளைக்கு ஏழு, எட்டு வயதாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

சித்திரைத் திருவிழா நாட்களில் மாநகராட்சி வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். அழகரை வரவேற்கும் எதிர்சேவைக் கூட்டத்தில், மாநகராட்சி அலுவலகம் இருக்கும் தல்லாகுளம் பக்கம் கால் வைக்க முடியாது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் உள்ளூர் விடுமுறையும் வரும்.

3. மூன்று காகிதங்களிலும் ஒரே தேதி, ஒரே பெயர்

எங்கள் கதையை அப்படியே சொல்கிறேன். மருமகன் பிறந்தது 2010 ஜனவரி 15. மாட்டுப் பொங்கல். அன்று சூரிய கிரகணம் வேறு. ராமேசுவரம், தனுஷ்கோடிப் பக்கம் சூரியன் வளையமாகத் தெரிந்த நாள். கிரகணம் விடும்வரை குழந்தை பிறக்கக் கூடாதே என்று என் அம்மா வராந்தாவில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் எவருக்கும் அந்தத் தேதி மறக்காது.

ஆனால் பள்ளியில் சேர்க்கும்போது வயது சில மாதம் குறைகிறது என்று, 02.06.2009 என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஓராண்டு வீணாகாமல் இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். பிறகு பள்ளிச் சான்றைக் காட்டி ஆதார் எடுத்தார்கள். அதிலும் அதே தேதி ஏறியது. 2010 ஜனவரி 1-க்குப் பின் பிறந்தவர்களுக்கான தேர்வில், உண்மையில் தகுதியுள்ள பையன் காகிதத்தில் ஏழு மாதம் மூத்தவனாகி வெளியே நின்றான்.

திருத்தும் வரிசை முக்கியம். முதலில் பெயருள்ள பிறப்புச் சான்றிதழ். அதைக் காட்டிப் பள்ளிப் பதிவேடு. பிறகு ஆதார். நான் ஆதாரில் தொடங்கி ஒரு மாதத்தை இழந்தேன்.

பள்ளிப் பதிவேட்டுக்குத் தலைமை ஆசிரியர் வழியாக மனு கொடுக்க வேண்டும். கல்வி அலுவலகம் போய்த் திரும்பச் சில மாதம் ஆகும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் அச்சாவதற்கு முன் முடித்தாக வேண்டும். அச்சான பிறகு அது வேறு வகைப் போராட்டம்.

ஆதாரில் பிறந்த தேதியை ஒரே ஒருமுறைதான் திருத்தலாம். கட்டணம் நூறு ரூபாய்க்குள் அடங்கும்; கணினியில் தட்டுபவர் எழுதும் தேதியைத் திரையில் நீங்களே பார்த்த பிறகே சரி சொல்லுங்கள். 15 வயதானதும் கைரேகை, கண் பதிவைப் புதுப்பிப்பதும் கட்டாயம். அதை விட்டுவிட்டால் பின்னால் வேறு எந்த வேலைக்குப் போனாலும் அங்கே தடைபடும்.

அடுத்தது தலைப்பெழுத்து. வடக்கே இருப்பவர்களுக்கு இது புரியவே புரியாது. நமக்கு "மு. கார்த்திக்" போதும். சம்மேளனத்தின் பதிவிலும் பாஸ்போர்ட்டிலும் முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். ஒன்றில் "கார்த்திக் எம்", இன்னொன்றில் "கார்த்திக் முத்துப்பாண்டி", மூன்றாவதில் "முத்துப்பாண்டி கார்த்திக்" என்று விழுந்தால் கணினிக்கு மூன்று பேர். அப்பா பெயரை முழுதாக விரித்து, எல்லா இடத்திலும் ஒரே வரிசையில் எழுதுங்கள். ஆங்கில எழுத்தில் ஒரு "எச்" கூடினாலும் குறைந்தாலும் அது வேறு பெயர்தான். நான் ஒரு வெள்ளைத்தாளில் பெரிய எழுத்தில் பெயரை எழுதி, ஒவ்வொரு கவுண்ட்டரிலும் அதையே நீட்டினேன். அந்தத் தாள் மடிந்து மடிந்து கிழிந்து, பின்பக்கம் டேப் ஒட்டி இன்றும் என் பையில் இருக்கிறது.

4. வயதைக் குறைக்கச் சொல்பவரின் பேச்சைக் கேட்காதீர்கள்

யாராவது ஒருவர் வந்து சொல்வார்: "ரெண்டு வயசு குறைச்சுப் போட்ருங்க, பையன் ஜொலிப்பான்." எங்களிடமும் ஒருவர் சொன்னார். அதைச் செய்யாதீர்கள். இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, எலும்பு வளர்ச்சியை வைத்து வயதைக் கணிக்கும் முறை இருக்கிறது, டி.டபிள்யூ.3 என்பார்கள். 17 வயதுக்குட்பட்ட ஆண்கள் உலகக் கோப்பையில் 2009 முதல் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்தே பார்க்கிறது. காகிதத்தை மாற்றலாம், எலும்பை மாற்ற முடியாது. பிடிபட்டால் தடை பிள்ளையின் பெயரில்தான் விழும், யோசனை சொன்னவர் பெயரில் விழாது.

இதில் ஒரு வலியும் இருக்கிறது. சில பிள்ளைகளுக்கு எலும்பு சீக்கிரமே முதிர்ந்துவிடும். உண்மையான வயதிலேயே இருந்தும் அவர்கள் இந்தச் சோதனையில் வெளியேற நேரலாம். அப்படி நேர்ந்தால் பிள்ளையைக் குற்றவாளிபோல் நடத்தாதீர்கள். அடுத்த வயதுப் பிரிவில் ஆடட்டும்.

5. சி.ஆர்.எஸ். பதிவு

சம்மேளனத்தின் மையப் பதிவு முறையை எல்லோரும் சி.ஆர்.எஸ். என்றுதான் சொல்வார்கள். நீங்கள் வீட்டிலிருந்து தனியாகப் பதிய முடியாது. பிள்ளை ஆடும் கிளப், அகாடமி அல்லது சங்கம்தான் பதிய வேண்டும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், புகைப்படம், பெற்றோர் கையொப்பம் கேட்பார்கள்.

கையொப்பம் என்றால் பெற்றோர் கையொப்பம். தாய்மாமன் போட்டால் செல்லாது. நம் வழக்கத்தில் காதுகுத்துக்கு மடியில் உட்காரவைப்பவன் நான்தான். படிவத்தில் எனக்கு இடமில்லை. அக்காவை அழைத்துக்கொண்டு மறுபடி போனேன்.

பதிவு எண் வந்ததும் அதை எழுதி வையுங்கள். வீரர் எந்த வயதில் எந்த கிளப்பில் ஆடினார் என்ற ஃபிஃபா கணக்கு 12 வயதிலிருந்து தொடங்குகிறது. எனவே அந்த வயதிலேயே பதிவு இருப்பது நல்லது. ஒரே நேரத்தில் இரண்டு கிளப்பில் பதிவில் இருக்க முடியாது. கிளப் மாறுவதற்கு முன் பழைய கிளப்பின் விடுவிப்பு வேண்டும். சேரும்போதே கேளுங்கள்: "பின்னால் வேறு இடம் போனால் விடுவிப்பு தருவீர்களா, அதற்குப் பணம் கேட்பீர்களா?" பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

6. விடுதியா, அகாடமியா

காசில்லாத வீட்டுக்கு என் முதல் பரிந்துரை அரசு விளையாட்டு விடுதி. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்துகிறது. தங்குமிடம், உணவு, பயிற்சி எல்லாம் இலவசம். 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளில் சேர்ப்பார்கள். கோடைக் காலத்தில் அறிவிப்பு வரும், விண்ணப்பம் இணையத்தில். தேர்வில் ஓட்டம், தாண்டுதல் எல்லாம் பார்ப்பார்கள். பந்துத் திறமையை மட்டும் நம்பிப் போகக் கூடாது. மதுரை ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்தில் இருக்கும் மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கு மார்ச் மாதமே ஒருமுறை போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். பத்தாம் வகுப்புக்குச் சேர்க்கை கிடையாது என்பதைக் கவனியுங்கள். ஒன்பதில் தவறவிட்டால் இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும்.

தனியார் அகாடமி என்றால் சம்மேளனத்தின் அங்கீகாரம் இருக்கிறதா, எந்த இளையோர் லீக்கில் சென்ற ஆண்டு ஆடினார்கள், பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பார்கள் என்ற மூன்று கேள்விகள் போதும். லீக்கில் ஆடாத அகாடமியில் ஆயிரம் ரூபாய் சீருடையும் நல்ல புகைப்படமும்தான் கிடைக்கும். அசல் சான்றிதழ்களைக் கேட்டால் கொடுக்க வேண்டாம். காட்டிவிட்டு, நகலைக் கொடுத்துவிட்டு, அசலைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

புவனேசுவரத்தில் ஃபிஃபாவும் சம்மேளனமும் சேர்ந்து நடத்தும் திறன் அகாடமி 2023-இல் தொடங்கியது. அங்கே சின்ன வயதிலேயே எடுப்பார்கள். பதினைந்து வயதில் விழித்துக்கொண்டால் அந்தக் கதவு மூடியிருக்கும்.

பெண் பிள்ளை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தயங்காதீர்கள். 2018-19 பருவத்தில் இந்திய மகளிர் லீக்கை வென்ற சேது எஃப்.சி. நம் மதுரை கிளப். தமிழ்நாட்டு மகளிர் அணி 2023-இல் தேசிய சாம்பியன். 17 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்கள் 2025 அக்டோபரில் உஸ்பெகிஸ்தானை 2-1 என்று வீழ்த்தி ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். மாலையில் மைதானத்திலிருந்து வீடு திரும்ப என்ன ஏற்பாடு என்பதை மட்டும் முதலில் பேசி முடித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பெண் பிள்ளைகளின் ஆட்டம் அங்கேதான் நின்றுபோகிறது.

7. "இந்திய அணி" என்று பணம் கேட்பவர்கள்

இதை நிதானமாகப் படியுங்கள். ஒருவர் போன் செய்வார். "உங்கள் பையன் இந்திய அணிக்குத் தேர்வாகிவிட்டான், நேபாளத்தில் போட்டி, முப்பத்தைந்தாயிரம் கட்டுங்கள்" என்பார். நெஞ்சில் நாடு பெயர் எழுதிய நீல டி-ஷர்ட் தருவார்கள். போய் வந்ததும் ஊரில் ஃபிளெக்ஸ் வைப்பார்கள். எங்கள் பக்கத்து ஊர்க் குடும்பம் ஒன்று நகையை அடகு வைத்து அனுப்பியது. அந்தப் பதக்கத்தால் விடுதியிலும் இடம் கிடைக்கவில்லை, கல்லூரி ஒதுக்கீட்டிலும் எடுபடவில்லை.

இந்தியாவில் கால்பந்துக்கு ஃபிஃபா அங்கீகரித்த அமைப்பு ஒன்றே ஒன்று: அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம். உண்மையான இந்திய அணி அழைப்பு அங்கிருந்து, மாநிலச் சங்கம் அல்லது கிளப் வழியாக, கடிதமாக வரும். முகாமுக்கு அழைத்துவிட்டு உங்களிடம் பணம் கேட்க மாட்டார்கள். பணம் என்ற சொல் வந்தாலே போனை வைத்துவிட்டு, மாவட்டச் சங்கத்தில் கேளுங்கள். சம்மேளனம் சில சமயம் திறந்த தேர்வு நடத்துவது உண்டு. அந்த அறிவிப்பு அவர்களுடைய இணையதளத்திலேயே இருக்கும்.

8. பாஸ்போர்ட்: அழைப்பு வருமுன்

அழைப்பு வந்த பிறகு பாஸ்போர்ட் எடுக்க நேரமிருக்காது. மாநில உத்தேச அணியில் (இறுதிப் பட்டியலுக்கு முன் போடும் பட்டியல்) பெயர் வந்ததுமே விண்ணப்பியுங்கள். 18 வயதுக்குட்பட்டவருக்குச் சாதாரணக் கட்டணம் 1,000 ரூபாய். தத்கால் என்றால் கூடுதலாக 2,000. ஐந்து ஆண்டு அல்லது 18 வயது, எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும்.

பெற்றோர் இருவரும் சம்மதித்துக் கையொப்பமிட்ட "அனெக்ஸர் டி" உறுதிமொழி வேண்டும். அப்பா வெளிநாட்டில் இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பிரமாணப் பத்திரத்தை அனுப்ப வேண்டும். மச்சானுக்கு விடுப்புக் கிடைத்து, அவர் போய் வாங்கி, கூரியரில் இங்கே வந்து சேர ஐந்து வாரம் ஆனது. கணவர் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் நம் பக்கத்தில் எத்தனை! அவர் அடுத்த முறை ஊருக்கு வரும்போதே பிள்ளையின் பாஸ்போர்ட் வேலையை முடித்துவிடுங்கள்.

9. தேர்வு நாள்

புது பூட்ஸைத் தேர்வன்று முதல்முறையாகப் போடக் கூடாது. நம் பிள்ளைகள் செம்மண்ணில் வெறுங்காலில் ஆடிப் பழகியவர்கள். மருமகனுக்குப் புது பூட்ஸில் இருபது நிமிடத்தில் இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்து, சாக்ஸில் ரத்தம் ஒட்டிக்கொண்டது. குறைந்தது இரண்டு வாரம் முன்பே வாங்கி, தினம் அரை மணி நேரம் போட்டு ஓடவிடுங்கள். முழங்கால் கீழ்க் காப்பு (ஷின் கார்டு) இல்லாமல் பல இடங்களில் உள்ளேயே விடமாட்டார்கள். எங்களுக்கு பூட்ஸ், காப்பு, இரண்டு ஜோடி சாக்ஸ் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. விலை கூடிய பூட்ஸால் ஆட்டம் கூடாது.

சென்னையில் தேர்வு என்றால் முதல் நாள் இரவு ரயிலில் போய் அதே காலையில் ஆடவிடாதீர்கள். பாண்டியன் எக்ஸ்பிரஸ் விடியற்காலை எழும்பூரில் இறக்கிவிடும். தூங்காத கால்களோடு ஏழு மணிக்கு மைதானத்தில் நின்றால் முதல் ஓட்டத்திலேயே தெரிந்துவிடும். ஒரு நாள் முன்னதாகப் போங்கள். இரண்டு பேருக்கு ரயில், அறை, சாப்பாடு என்று ஒவ்வொரு சென்னைப் பயணமும் எங்களுக்கு மூவாயிரம் முதல் நான்காயிரம்வரை ஆனது. ஆண்டுக்கு நான்கு பயணம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாநில, தேசிய அளவுக்கு வந்துவிட்டால், பயணச் செலவு உதவிக்குத் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையிடம் விண்ணப்பிக்கலாம்.

பையில் இருக்க வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ் அசல், ஆதார் அசல், தலைமை ஆசிரியர் கையொப்பமிட்ட பயிலும் சான்றிதழ் (புகைப்படத்தின் மேல் பள்ளி முத்திரை விழுந்திருக்க வேண்டும்), சி.ஆர்.எஸ். எண், எல்லாவற்றுக்கும் மூன்று செட் நகல், ஆறு பாஸ்போர்ட் அளவுப் படம். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். தண்ணீர் பாட்டிலை அதே பைக்குள் வைக்காதீர்கள். சான்றிதழைச் சரிபார்க்கும் மேசையில் பேச வேண்டியவர் நீங்கள். பிள்ளை அதற்குள் கால்களைச் சூடாக்கிக்கொள்ளட்டும்.

ஆட்டம் நடக்கும்போது எல்லைக்கோட்டருகே நின்று கத்த வேண்டாம். அவன் உண்மையில் ஆடிய முதல் தேர்வில் நான் கத்தினேன். மருமகன் பந்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான். இப்போதெல்லாம் எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

சென்ற முறை மாநில உத்தேச அணியில் அவன் பெயர் வந்தது. இறுதிப் பட்டியலில் வரவில்லை. அடுத்த தேர்வுக்கு உறையும் நகல்களும் தயாராக இருக்கின்றன. பயிலும் சான்றிதழ் மட்டும் இந்த ஆண்டுக்குப் புதிதாக வாங்க வேண்டும். அதற்குத்தான் நாளைக்குப் பள்ளிக்குப் போகிறேன்.